ஆய்வு ஃபெல்லோஷிப் வேண்டுமா? வழிகாட்டியிலிருந்து தொடங்குங்கள்

ஃபெல்லோஷிப், அதாவது உதவித்தொகையோடு ஓர் ஆய்வகத்தில் சில வாரம் ஆய்வு செய்யும் வாய்ப்பு, தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் பெயரையும் உதவித்தொகையையும்தான்; தங்களுக்கு வழிகாட்டப் போகும் ஆய்வாளரை அல்ல. நானும் அப்படித்தான் தேடினேன். ஒரே மின்னஞ்சலைப் பெயர் மட்டும் மாற்றி 32 பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

அப்புறம் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலம் பற்றி ஒரே ஒரு கட்டுரையை எடுத்து ஒரு வாரம் படித்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் நான்காவது படம் உறுத்தியது. அதை எழுதியவருக்கு மூன்றே வரியில் கேட்டேன்: "ஈரப்பதம் கூடக்கூட மின்கலத்தின் திறன் சரிகிறது என்கிறீர்கள். அதே நேரத்தில் வெப்பநிலையும் கூடியிருக்கிறதே, சரிவுக்கு எது காரணம் என்று எப்படிப் பிரித்தீர்கள்?" மறுநாளே பதில் வந்தது. அதைத் தனியாகச் சோதிக்கவில்லை, எட்டு வாரம் வந்து செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். இன்று மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்களிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

எல்லாத் திட்டங்களுக்கும் இந்த வழி பொருந்தாது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டமான 'சர்ஃப்' 1979இல் தொடங்கியது, பத்து வாரம் நடப்பது. அதற்கு இந்த வழி பொருந்தும்: வழிகாட்டியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அவரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டத்தையும் எழுத வேண்டும். ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்னின் கோடைகாலத் திட்டம் வேறு மாதிரி. பொதுவாக விண்ணப்பிக்கிறீர்கள், அங்குள்ளவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்ற ஆளை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே "இயற்பியலில் ஆர்வம் அதிகம்" என்பது உதவாது. பைத்தான் நிரல்மொழியில் என்ன எழுதினீர்கள், எந்தக் கருவியை உங்கள் கையால் இயக்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் நெருங்கும்போது கேட்காதீர்கள், ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது, அவரிடம் நீங்கள் செய்த வேலையை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தோல்வியில் முடிந்த சோதனையும் அதில் இருக்கட்டும். அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதுதான் நல்ல கடிதத்துக்குத் தீனி.

இடம் கிடைத்துவிட்டதா? சரி, ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பயணச் செலவும் தங்குமிடமும் உதவித்தொகைக்குள் அடங்குமா? தேவையான கருவி இப்போது ஓடுகிறதா? அன்றாடம் பக்கத்தில் இருந்து சொல்லித்தரப் போவது யார்? பெரும்பாலும் அது பேராசிரியராக இருக்காது, முனைவர் பட்ட மாணவராகத்தான் இருப்பார். அவரிடம் தனியாக அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.

போன முறை அங்கே வேலை பார்த்த மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். "வேலை நின்றுபோனபோது உதவி வர எத்தனை நாள் ஆனது?" என்று கேளுங்கள். ஒரு வாரம் என்று பதில் வந்தால், எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் நான் வேறு ஆய்வகம் பார்க்கத்தான் சொல்வேன்.