படகு இன்ஜின் சீக்கிரம் தேய்வது எதனால்? நாம் செய்யும் சில தவறுகள்

‘முழு வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் தாங்காது’ என்பது குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் கரையில் மீன் ஏலத்துக்கு முந்தவேண்டும் என்றால் ஆக்சிலேட்டர் கடைசிவரை போய்விடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. புரொப்பல்லர் கேட்கும் பவர், அது சுற்றும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) இன்ஜினை 1600-இல் ஓட்டினால் அது 80 சதவீதம். 0.8 × 0.8 × 0.8 பெருக்கிப் பாருங்கள், பவர் பாதிதான் வரும். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) போகிற படகு ஆறரைக்கு இறங்கும், அவ்வளவுதான். 40 கடல் மைலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகும். டீசலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பிஸ்டனும் வால்வும் படுகிற சூடு குறைவது தனிக் கணக்கு.

சரி, சுற்றைக் குறைத்தால் போதுமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘இழுவை கூடும்’ என்று பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) அதிகமான புரொப்பல்லரை மாட்டிவிட்டு, 1500-இல்தான் ஓட்டுகிறேன் என்பார்கள். அந்த 1500-இலேயே இன்ஜின் திணறிக்கொண்டிருக்கும். புகை கறுப்பாக வரும். சோதிக்க வழி சுலபம்: ஐஸும் டீசலும் முழுக்க ஏற்றிய படகை அமைதியான கடலில் ஆக்சிலேட்டர் முழுதாகக் கொடுத்து ஓட்டுங்கள். கம்பெனி சொன்ன ஆர்பிஎம்மைத் தொடவேண்டும். 2000 இன்ஜின் 1700-இல் நின்றுவிட்டால் புரொப்பல்லர் பெரிது, இல்லையென்றால் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கிறது. இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

மெதுவாக ஓட்டுவதிலும் அளவு உண்டு. தூண்டில் போட்டுவிட்டு இரவெல்லாம் லைட்டுக்காக ஐடிலில் விடுகிறோம். இன்ஜின் போதுமான சூட்டுக்கு வராமல் டீசல் அரைகுறையாக எரியும், பிஸ்டன் ரிங்கில் கரி பிடிக்கும். அப்படி ஓடிய ஒரு இன்ஜினின் லைனரில் (பிஸ்டன் ஓடும் குழாயின் உள்சுவர்) விரல் வைத்துப் பார்த்தேன். ஆயில் தங்குவதற்காக ஹோனிங் செய்து போட்ட மெல்லிய குறுக்குக் கோடுகளைக் காணோம், கண்ணாடி போல வழுக்கியது. ஆயில் குடிக்கிறது என்று கொண்டுவந்த இன்ஜின் அது. இன்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். ‘கூலா ஓடட்டும்ணே’ என்று சொல்லியே செய்கிற தப்பு இது. ஐடிலில் கிடந்த இன்ஜினைத் திரும்பும்போது அரை மணி நேரமாவது நல்ல லோடில் ஓட்டுங்கள்.

டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தும் பாகம்) இருந்தால், அதன் சூடு இறங்க, கரை சேர்ந்ததும் சாவியைத் திருப்பிவிடாமல் சில நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் வாயில்) அலை தூக்கும்போது மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அங்கே எவ்வளவு பவர் வேண்டுமோ அவ்வளவும் கொடுங்கள். வெளியே வந்ததும் ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முதலில் மீட்டர் வேலை செய்யவேண்டும். பாதிப் படகில் அந்த முள் பூஜ்யத்தில்தான் கிடக்கிறது.