பெரிய டூரிங் குரூசரை ஓட்டிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய டூரிங் குரூசர், அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கென்று கட்டப்பட்ட, இருக்கை தாழ்ந்த கனமான மோட்டார் சைக்கிள், வாங்கும் எண்ணத்தோடு டெஸ்ட் ரைடுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஷோரூம் இருக்கும் தெருவைத் தாண்டியதும் காலியான நேர்ச்சாலை ஒன்றைத் தேடி, ஆக்ஸிலரேட்டரை நன்றாக முறுக்கிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் குறை சொல்லும்படி எந்தப் பெரிய வண்டியும் நடந்துகொள்ளாது. ஹார்லி-டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடின் 1,923 சிசி இன்ஜினோ ஹோண்டா கோல்ட் விங்கின் 1,833 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினோ நேர்ச்சாலையில் இழுக்காமல் போய்விடுமோ என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை. இந்த வகை வண்டியின் குணம் வெளிப்படுவது மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே ஓடும்போதும், ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிய பிறகும்தான். டெஸ்ட் ரைடில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் பார்க்காமலே திரும்புவதால் வருபவை.

எடையைக் காகிதத்தில் படித்ததோடு நிறுத்திக்கொள்வதிலிருந்தே தவறு தொடங்கிவிடுகிறது. நாம் அன்றாடம் ஓட்டும் 100 சிசி வண்டி 110 கிலோ சொச்சம் இருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ, அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியர் 650 241 கிலோ, ஸ்ட்ரீட் கிளைடு 368 கிலோ, கோல்ட் விங் டூர் 390 கிலோ. இந்த எண்களைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போகிறவர், வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நிம்மதியடைந்துவிடுகிறார். ஏனென்றால் குரூசரின் இருக்கை தாழ்வானது. கிளாசிக் 350-இன் இருக்கை 805 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க, சூப்பர் மீட்டியரில் அது 740, கோல்ட் விங்கில் 745. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிவதால், இவ்வளவுதானா என்று தோன்றிவிடும். நேராக நிற்கும்வரை விரலால் தாங்கிவிடலாம் போலத்தான் இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓர் எல்லையைக் கடந்ததும் எந்தப் பயில்வானாலும் பிடிக்க முடியாது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூம் ஊழியர் ஒருவரை மறுபக்கம் நிற்கச் சொல்லி, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியை மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடியே காலால் உந்தி மூன்று மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். கோல்ட் விங்குக்கு நடை வேகத்தில் பின்னோக்கி நகரும் வசதி உண்டு. மற்ற பெரும்பாலான வண்டிகளுக்கு உங்கள் கால்கள்தான் ரிவர்ஸ் கியர். சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி ஒருமுறை நிறுத்திவிட்டு, தனியாளாக அதை வெளியே எடுக்க முயன்று பார்த்தவர் அந்தத் தவறை இரண்டாம் முறை செய்யமாட்டார். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தம் அப்படிப்பட்ட சரிவில் இருக்கிறதா, 2.6 மீட்டர் நீளமுள்ள வண்டி அங்கே திரும்புமா என்பதையெல்லாம் வீட்டிலேயே டேப்பால் அளந்துகொண்டு போவது நல்லது.

இந்தியாவில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமம் ஒன்றே போதும். 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிய அதே உரிமத்தோடு 1,900 சிசி வண்டியையும் எடுத்துக்கொண்டு சாலைக்கு வரலாம். பிரிட்டனில் இடைநிலை உரிமம் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பெரிய வண்டிக்கான உரிமத்தைப் பெறுவதென்றால் 24 வயதாகியிருக்க வேண்டும், தேர்விலும் பெரிய வண்டியையே ஓட்டிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட படி எதுவும் நம்மிடம் இல்லாததால், உரிமம் இருப்பதையே தகுதி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கே அதிகம். அந்த ஆபத்தில் விழுந்தவன் என்ற முறையில்தான் அடுத்த பத்தியை எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் என்ற நினைப்போடு ஒரு பெரிய குரூசரை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தேன். நெடுஞ்சாலையில் போய் வந்ததில் எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பி வந்து, ஷோரூம் வாசலில் இடப்பக்கமாக ஹேண்டில்பாரை ஒடித்துக்கொண்டு நுழையும்போது, தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பழக்கத்தில் வலது கை விரல்கள் நான்கும் முன் பிரேக்கைப் பிடித்தன. வேகம் ஐந்து கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. வண்டி நின்றது, நின்ற அதே நொடியில் இடப்பக்கம் சாய்ந்தது, நான் ஊன்றிய கால் மணலில் வழுக்கியது. கீழே விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ பொறுமையாகப் படுக்க வைத்ததுபோல கிராஷ் கார்டின் மேல் படுத்துக்கொண்டது. கிளட்ச் லீவரின் நுனி வளைந்தது, கண்ணாடி ஒன்று கீறியது, வாசலில் நின்றிருந்த காவலாளி ஓடிவந்து "அடி எதுவும் படலையே சார்?" என்று கேட்டபோது பட்டிருந்தது மானம் மட்டும்தான்.

பெரிய வண்டிகள் விழும் இடம் பெரும்பாலும் இதுதான்: யு-டர்ன், பெட்ரோல் பங்க், வாகன நிறுத்தம். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, திரும்பிய திசையிலேயே முழு எடையும் சரிகிறது. வண்டியை நிமிர்த்தி வைக்கும் வேகமும் அந்த நொடியில் இல்லாமல் போகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்ற எண்ணம் இங்கே உதவாது, நடை வேகத்தில் அது வேலை செய்யாது. ஆகவே மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு, கிளட்சைப் பாதி பிடித்த நிலையில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் கொஞ்சமாகக் கொடுத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போக வேண்டும். பின் பிரேக்கும் இன்ஜினும் எதிரெதிராக இழுக்கும்போது வண்டி கயிறு கட்டியதுபோல நிலையாக நிற்கும். பார்வை, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயேதான் விழுவோம். நிறுத்துவதற்கு முன் ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டு, அதற்குப் பிறகு முன் பிரேக்கைத் தொடலாம். இதைச் சாலையில் முயல்வதற்கு முன் ஷோரூமின் பின்புற முற்றத்திலோ காலியான மைதானத்திலோ பத்து நிமிடம் எட்டுப் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கொடுக்கத் தயங்கும் இடத்தில் சாலைக்கும் எடுத்துப் போகாமல் இருப்பதே மேல்.

வளைந்த லீவரின் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. புறப்படுவதற்கு முன் நீட்டிய படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். சேதம் எதுவானாலும் ஓட்டுபவரே ஏற்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. இதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கு முழுக் காப்பீடு இருக்கிறதா, விழுந்தால் காப்பீட்டில் போகுமா, நம் பங்கு எவ்வளவு, மூன்றாம் நபருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

கால் பழக்கம் இன்னொரு கண்ணி. நம் ஊர் 100 சிசி வண்டிகள் பலவற்றில் எல்லாக் கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். பெரிய வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவையெல்லாம் மேலே. இன்றைக்கும் அலுவலகத்துக்கு அந்தச் சின்ன வண்டியில் போய் வருபவர், நெருக்கடியான நேரத்தில் கியரைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு முன்னால் மிதித்தால், கியர் குறைந்து பின்சக்கரம் வெட்டி இழுக்கும். பல ஹார்லி வண்டிகளில் இடது இண்டிகேட்டருக்கு இடது கையிலும் வலது இண்டிகேட்டருக்கு வலது கையிலும் தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கும். தேடிக்கொண்டிருக்கும் இரண்டு நொடியில் முன்னால் போகும் பேருந்து நின்றிருக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சுவிட்சுகளையும் தொட்டுப் பழகிக்கொண்ட பிறகு கிளம்புங்கள்.

காற்றுத் தடுப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சோதிப்பவர் குறைவு. ஸ்ட்ரீட் கிளைடில் காற்றைத் தடுக்கும் முன்பக்கக் கூடு ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும். அதன் உடன்பிறப்பான ரோடு கிளைடில் அது வண்டியின் ஃபிரேமோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் கண்ணெதிரே இருக்கும் கூடு அசையாது. முதல்முறை ஓட்டுபவருக்கு, வண்டி திரும்பவில்லை என்ற மயக்கம் யு-டர்னில் வந்துவிடும். இன்னும் ஒடித்து, வண்டியைக் கீழே போடுவார். அதே அமைப்பு பக்கக் காற்றில் கைக்கு வரும் உதறலைக் குறைக்கிறது. கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் கடந்தவருக்கு இந்த வேறுபாட்டின் மதிப்பு தெரியும். காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருந்து, அதற்கு மேலே சாலையைப் பார்க்க முடிவது நல்ல உயரம். விளிம்பு நேராகக் கண்ணுக்கு எதிரே வந்தால் மழையில் தொல்லை. மிகத் தாழ்ந்திருந்தால் காற்று ஹெல்மெட்டில் மோதித் தலையை ஆட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடமாவது சீராக ஓட்டாமல் இது தெரியாது. இரவல் ஹெல்மெட்டோடு போனாலும் தெரியாது; உங்களுடையதையே அணிந்து போங்கள். கையுறை, கணுக்காலை மூடும் ஷூ இரண்டும் கட்டாயம். செருப்போடு வருபவருக்கு 370 கிலோ வண்டியின் சாவியைத் தருபவரும் தவறு செய்கிறார்.

நம் சாலைகளுக்கென்றே உள்ள சோதனை, வேகத்தடை. இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான மேடாக இருக்க வேண்டும். தெருவில் இருப்பவை பெரும்பாலும் அதைவிடக் குறுகலாக, செங்குத்தாக எழும் மேடுகள். சூப்பர் மீட்டியரின் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர், கோல்ட் விங்குக்கு 130. சாதாரண வண்டியில் மேடு வந்தால் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று சமாளித்துவிடுவோம். குரூசரில் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் எழ முடியாது, அடி முழுவதும் முதுகெலும்பின் அடிநுனியில் இறங்கும். ஆகவே வழவழப்பான புறவழிச்சாலையோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பதைப் போன்ற மோசமான மேடுகள் நான்கையாவது ஏறி இறங்குங்கள். அடிப்பாகம் தட்டுகிறதா என்று காதால் கேளுங்கள்.

வளைவில் கேட்கும் உரசல் சத்தம் வேறு. கால் பலகை தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே தரையில் உரசும். அது எச்சரிக்கைதானே தவிர விழப்போகும் அறிகுறி இல்லை. சத்தத்துக்குப் பயந்து சட்டென்று நிமிர்த்துபவர்தான் எதிர்த் தடத்துக்குப் போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்ப்பது சுகமான தவறு. மே மாதத்து நண்பகலில், சிக்னல் சிக்னலாக நின்று ஓட்டினால்தான் இன்ஜின் சூடு தொடையில் எங்கே தாக்குகிறது என்று தெரியும். இரண்டு சிலிண்டர்கள் முன்னும் பின்னுமாக V வடிவில் அமைந்த பெரிய வி-ட்வின் இன்ஜினில் பின் சிலிண்டர் இருக்கைக்கு மிக அருகில் இருக்கிறது. சில ஹார்லி வண்டிகளில், சூடேறி நிற்கும்போது பின் சிலிண்டரைத் தற்காலிகமாக நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அப்போது இன்ஜின் தாளம் மாறுவதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

பின்னால் உட்காரப் போகிறவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதை என்னால் புரிந்துகொள்ளவே முடிவதில்லை. டூரிங் வண்டியின் பாதி, அவருக்காகக் கட்டப்பட்டது. மனைவியோ தந்தையோ, யார் உடன் வரப்போகிறார்களோ அவரையே அழைத்துச் செல்லுங்கள். அவர் ஏறும்போது காலைத் தூக்கிப் போட முடிகிறதா, பெட்டி இடிக்கிறதா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். இருவர் எடைக்கு ஏற்ப பின் சஸ்பென்ஷனைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் முதல் சுற்றைத் தனியாகவே முடித்துவிட வேண்டும். வண்டி கைக்கு வருவதற்கு முன் இன்னொருவரின் எலும்பைப் பணயம் வைக்கக் கூடாது.

இத்தனையும் ஷோரூம்காரர் தரும் ஐந்து கிலோமீட்டரில் அடங்காது என்பது உண்மைதான். வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் இரண்டாம் முறை கேளுங்கள். அதே மாதிரி வண்டி வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்து மாமல்லபுரம் வரையோ ஏலகிரி வரையோ போய் வாருங்கள். இருபது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளுக்கு ஒரு நாள் வாடகை பெரிய செலவல்ல. திரும்பி வந்து நிறுத்தும்போதும் கவனம் வேண்டும்: ஹார்லியின் சைடு ஸ்டாண்டு, எடை அதன்மேல் இறங்கியதும் கொஞ்சம் நகர்ந்து பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. முதல்முறை அந்த நகர்வை உணர்பவர், ஸ்டாண்டு மடங்குகிறது என்று பதறி வண்டியை மறுபக்கம் தள்ளிவிடுவார். ஸ்டாண்டை முழுதாக முன்னால் தள்ளி, கியரில் போட்டு, எடையை மெதுவாக இறக்கி, அது பூட்டிக்கொண்டதை உணர்ந்த பிறகு காலை எடுங்கள்.

இறங்கியதும் விற்பனையாளர் காபியோடு வருவார். அவரிடம் பேசத் தொடங்குவதற்கு முன், மணிக்கட்டு, தோள், இடுப்பு, முதுகெலும்பின் அடிநுனி, இவற்றில் எது வலிக்கிறது என்று பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காபி குடித்து முடிப்பதற்குள் அது மறந்துபோயிருக்கும்.