கருமந்தியின் எச்சத்தைக் குப்பியில் போடும் முன்

கோடை பிறந்ததும், இலையுண்ணும் குரங்கான கருமந்தியின் எச்சத்தில் அதன் குடல் பாக்டீரியாக்களைத் தேடி வால்பாறைக்குப் புதிய ஆய்வு மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். கையுறை போடுவது, அட்டைக்கடிக்குக் காலுறை கட்டுவது, யானைத் தடம் புதிதாக இருந்தால் திரும்பிவிடுவது இவற்றையெல்லாம் காடர் பழங்குடி வழிகாட்டிகள் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆய்வகச் செலவெல்லாம் முடிந்து, கட்டுரையும் எழுதிய பிறகுகூடக் கண்ணில் படாத தவறுகள் சில உண்டு. நான் சொல்ல வந்தது அவற்றை.

எச்சத்தை வைத்து இரைப்பையைப் பேசுவது

கருமந்தியின் இரைப்பை மாட்டின் இரைப்பையைப் போலப் பல அறைகள் கொண்டது. முன் அறைகளில் வாழும் பாக்டீரியாக்கள் இலையின் நாரை நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குரங்குக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு அதுதான். பிறகு அந்தப் பாக்டீரியாக்களையே லைசோசைம் என்ற நொதியால் உடைத்து உணவாக்கிக்கொள்கிறது. ஆகவே எச்சத்தில் நாம் காண்பது பெரும்பாலும் பெருங்குடலின் கதை. அதை வைத்து 'இரைப்பையின் நொதித்தல் குறைந்துவிட்டது' என்று எழுத முடியாது.

இரண்டு காடு, இரண்டு விதமான சேகரிப்பு

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய துண்டுச் சோலைகளில் உள்ள மந்திகளையும், உட்புறத்துத் தொடர்காட்டில் உள்ள மந்திகளையும் ஒப்பிடுவது இங்கே எல்லோருக்கும் பிடித்த ஆய்வு. மாணவர் ஒருவர் அதைத்தான் செய்தார். தொடர்காட்டுக்குப் போனால் இருட்டும்வரை திரும்ப முடியாது என்பதால் எச்சம் கெடாமல் காக்கும் எத்தனால் நிரப்பிய குப்பிகளைக் கையோடு எடுத்துச் சென்றார். எச்சம் விழுந்த சில நிமிடங்களில் அது குப்பிக்குள் போனது. துண்டுச் சோலைகளோ சாலையோரத்தில் இருந்தன. 'அறைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்' என்று எச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஜீப்பின் பின்னால் வைத்தார். சாயங்காலம்வரை அது வெயிலில் கிடந்தது.

முடிவு வந்தபோது இரண்டு காட்டு மந்திகளும் பாக்டீரியாக்களை ஒப்பிடும் வரைபடத்தில் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றன. துண்டுச் சோலை மாதிரிகளில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவும் அதன் உறவினங்களும் கொழித்திருந்தன. எஸ்டேட் லைன் வீடுகளின் கழிவுநீரும் மாடுகளும்தான் காரணம் என்று அவர் எழுதினார். படிக்க அழகாக இருந்தது. நேரக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

குடலுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழ்பவற்றில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் வளர்ச்சி நின்றுவிடுபவை. ஈ.கோலை வகை ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருகக்கூடியது. வெதுவெதுப்பான பைக்குள் சில மணி நேரம் கிடந்தால் போதும், குடலில் அற்பமாக இருந்தது அறிக்கையில் ஆட்சி செய்யும். அவர் அளந்தது ஜீப்பின் பின்சீட்டைத்தான், காட்டை அல்ல. ஒரு காட்டின் மாதிரிகள் எல்லாம் ஒரு வழியிலும் மறுகாட்டின் மாதிரிகள் எல்லாம் வேறு வழியிலும் வந்துவிட்டால், காட்டின் விளைவையும் சேகரிப்பின் விளைவையும் எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது. பணம் போனது, ஒரு பருவம் போனது. அந்த அறிக்கை அப்படியே வெளிவந்திருந்தால், ஏற்கெனவே குறுகிய வீடுகளில் குடிநீருக்கும் வடிகாலுக்கும் போராடும் தொழிலாளர்கள் மீது செய்யாத தவறுக்குப் பழி விழுந்திருக்கும். என் கோபம் அதற்காகத்தான்.

எத்தனாலிலும் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட் கைகழுவத்தான் உதவும். 95 சதவீதமாவது இருக்க வேண்டும். எச்சத்தில் நீர் நிறைய உண்டு. குப்பியை எச்சத்தால் அடைத்தால் அந்த நீரே எத்தனாலை நீர்க்கவைத்துவிடும். கால்பங்கு எச்சம் போதும், மீதி எத்தனால். நன்றாகக் குலுக்குங்கள். மண்ணில் பட்ட மேற்புறத்தை விட்டு உள்ளிருந்து எடுங்கள். விழுந்த நேரம், குப்பிக்குள் போன நேரம் இரண்டையும் எழுதுங்கள். எச்சம் போடாத வெறும் குப்பிகள் சிலவற்றையும் காட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, வெளியிலிருந்து எது கலந்தது என்று தெரிய அவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

யாருடைய எச்சம்?

விழுவதைக் கண்ணால் பார்க்காமல் எடுக்காதீர்கள். அதே சோலையில் சிங்கவால் குரங்கும் உண்டு. அதற்கு அறைகள் கொண்ட இரைப்பை கிடையாது.

ஒரே கூட்டத்திலிருந்து பத்து மாதிரி

ஒன்றையொன்று பேன் பார்த்து, ஒரே மரத்தில் உண்டு உறங்கும் மந்திகள் பாக்டீரியாக்களையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கூட்டத்தின் பத்து எச்சங்களைப் பத்துத் தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது. கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பாக்டீரியா வகை குறைந்தால் நோய் என்று தீர்ப்பளிப்பது

ஆசியாவின் டூக் குரங்குகளையும் அமெரிக்கக் கண்டத்து ஊளைக் குரங்குகளையும் பற்றி 2016இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கூண்டில் அடைபட்ட குரங்குகள் தங்களுக்கே உரிய பாக்டீரியா வகைகளை இழந்து, மனிதக் குடலுக்கு நெருங்கியவற்றைப் பெறுகின்றன என்று அது காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் கருமந்தி பருவத்துக்குப் பருவம் தளிர், முற்றிய இலை, பூ, காய், விதை என்று மாறிமாறி உண்கிறது. நார் மாறினால் அதைச் செரிக்கும் பாக்டீரியாக் கூட்டமும் மாறும். ஏப்ரலில் ஒரு காட்டிலும் ஆகஸ்டில் மறுகாட்டிலும் எடுத்துவிட்டுக் 'காடு சிதைந்ததால் உடல்நலம் கெட்டது' என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை. உடல்நலம் என்று எழுத வேண்டுமானால் ஒட்டுண்ணி முட்டைகள், மன அழுத்த ஹார்மோன், குட்டிகள் பிழைக்கும் விகிதம் என ஏதாவது ஒன்றையேனும் கூடவே பாருங்கள்.

ஃபார்மலின்

எச்சத்தைப் பதப்படுத்தும் இந்தக் கரைசல் ஒட்டுண்ணி முட்டைகளை எண்ண உதவும். பாக்டீரியாக்களை அடையாளம் காணத் தேவையான டி.என்.ஏ.வை அது கெடுத்துவிடும். தனித்தனிக் குப்பிகள் வையுங்கள்.

பழம் கொடுத்து அருகில் வரவழைப்பது

கூடவே கூடாது. பழுத்த வாழைப்பழத்தின் சர்க்கரை முன்னிரைப்பையில் வேகமாக நொதித்து அமிலத்தை ஏற்றும், வயிறு உப்பும்.

எல்லை

மளுக்கப்பாறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளக் காடு. அங்கே எடுக்கும் எச்சத்துக்குக் கேரள வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கடிதம் செல்லாது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பியுங்கள்; ஒன்று மட்டும் தாமதமானால் இரு காடுகளும் மறுபடியும் வெவ்வேறு பருவத்தில் போய் நிற்கும்.