கழுவிய மறுநாள் மட்டும் மக்கர் செய்த சென்சார்

பால் நிரப்பும் லைனில் ஒரு சென்சார். இரவு கழுவி முடித்த மறுநாள் காலையில் மட்டும் மக்கர் செய்யும், மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். சென்சாரையே இரண்டு முறை மாற்றினேன். தண்டச் செலவு.

மூன்றாம் முறைதான் எம்12 கனெக்டரை, அதாவது சென்சாரையும் கேபிளையும் இணைக்கும் திருகு இணைப்பை, கழற்றிப் பார்த்தேன். பின்களில் பச்சை படிந்திருந்தது, அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். நட்டின் சொரசொரப்பு வரிகளுக்குள் காய்ந்த பால் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. மின்கோளாறைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது. கிருமிக்கு அதைவிட வசதியான வீடு ஏது?

அந்தக் கனெக்டர் ஐபி67. தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்கு உள்ளே புகாது என்று சொல்லும் தர எண் அது. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். 80 டிகிரி வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சினால் அந்தக் கணக்கு செல்லாது. போதாததற்கு, சூடான கனெக்டர் ஆறும்போது உள்காற்று சுருங்கி ஈரத்தை உள்ளே இழுக்கும்.

அழுத்தத்தோடு பீய்ச்சும் வெந்நீரையும் தாங்கும் ஐபி69கே தரத்தில், வரிகள் இல்லாத 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு உள்ள கனெக்டரை மாட்டினேன். முன்பு கையால் முறுக்கியதை இப்போது டார்க் ரெஞ்சால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். அப்புறம் கேபிளைக் கனெக்டருக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விட்டேன். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது.