கேம்பர் வேனுக்குள் பூசணம் பிடித்தால்

படுக்கையும் அடுப்பும் உள்ள இந்தப் பயண வண்டியில், முதலில் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரவெல்லாம் மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும். கரும்புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடுத்து ஜன்னல் ரப்பர், திரைச்சீலை மடிப்பு.

கதவுகளைத் திறந்துவைத்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பூசணத்தைத் தேய்க்கவே கூடாது, வித்துகள் வண்டி முழுக்கப் பறக்கும். வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து, ஒரு மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். பிளீச் பிளைவுட்டுக்கு உதவாது: மேலே வெளுக்கும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். போதாததற்கு, வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும்.

துடைத்த பலகையை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். கறை ஊறிய ஃபோமும் குப்பைக்கே. திரைச்சீலை, துணி தாங்குமானால், 60 டிகிரி வெந்நீரில்.

நன்றாகக் காய்ந்த பிறகே மெத்தையை, அதுவும் இடைவெளிவிட்ட மரச்சட்டங்கள் மேல், போடுங்கள். கேஸ் எரிந்தாலே நீராவி உண்டாகும். சமைக்கும்போது கூரை ஃபேன் ஓடட்டும். ஈரப்பதமானி 60 சதவீதத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும்.