பழைய கார்ல முன்பக்கம் சத்தம் வந்தா பண்ணக்கூடாத தப்புங்க

புதுசா வேலைக்கு வர்ற பசங்களும் சரி, வீட்லயே வண்டிய பாத்துக்கிறவங்களும் சரி, முன் சஸ்பென்ஷன்னு (வீல வண்டியோட சேர்த்து குலுக்கல தாங்குற அமைப்பு) வந்துட்டா நாங்க அந்தக் காலத்துல பண்ண அதே தப்பத்தான் திரும்பத் திரும்ப பண்றாங்க. டயர்ல காத்து பாக்காம விட்டது, வீல் நட்ட டைட் பண்ணாம விட்டது இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. காச கரைக்கிற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

சத்தம் கேட்டதும் ஷாக் அப்சார்பர மாத்துறது

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். வண்டி மேடு பள்ளத்துல "டொக் டொக்"னுது, உடனே "ஷாக் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்"னு ஒரு வார்த்தை. ஷாக் அப்சார்பர் வேலையே ஸ்பிரிங் ஆட்டத்த அடக்குறதுதான். அது போனா ஸ்பீட் பிரேக்கர் தாண்டின பிறகும் மூக்கு ஆடிக்கிட்டே இருக்கும், ட்யூப்ல ஆயில் வழிஞ்சு புழுதி ஒட்டியிருக்கும், டயர் அங்கங்க குழி குழியா தேயும். இது எதுவுமே இல்லாம சத்தம் மட்டும் வருதுன்னா முதல்ல வேற இடத்ததான் பாக்கணும்.

ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் மாருதி 800 கொண்டு வந்தார். வேற இடத்துல ரெண்டு ஸ்ட்ரட்டும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த தூண்) மாத்தியாச்சு, சத்தம் போகலன்னதும் அத மேல பாடியோட பிடிக்கிற ஸ்ட்ரட் மவுண்டும் மாத்தியாச்சு, அப்பவும் போகல. "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும் சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. பென்ஷன் காசுல ஓட்டுற வண்டி அது. எப்ப சத்தம் வருதுன்னு கேட்டேன், பிரேக் மிதிச்சா ஒரு டொக், திரும்ப கிளம்புறப்ப ஒரு டொக், பிரேக்ல ஸ்டியரிங் லேசா ஒரு பக்கம் இழுக்குதுன்னார். பாதி பதில் அதுலயே இருக்கு.

வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற குறுக்குக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார், அதோட முனைய சஸ்பென்ஷனோட இணைக்கிற சின்ன கம்பி லிங்க் ராட். 800ல தனியா லிங்க் ராட் கிடையாது. ஸ்டெபிலைசர் பாரோட முனையே லோயர் ஆர்ம்ல (வீல கீழ பிடிச்சிருக்கிற கை) ரப்பர் புஷ் வழியா நுழைஞ்சு நட்டு போட்டு நிக்கும், வீல முன்ன பின்ன போகாம பிடிச்சு வக்கிறதும் அந்த பார்தான். அந்த புஷ் செத்துட்டா பிரேக் போட்டதும் வீல் பின்னாடி நகரும், கிளம்புறப்ப முன்னாடி வரும், அதான் ரெண்டு டொக்.

சரி, முன்னாடி பாத்தவங்க இத ஏன் கண்டுபிடிக்கலன்னா, ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பாத்திருக்காங்க. ஒரு வீல் மட்டும் தொங்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கும், அந்த விசையில புஷ் ஒரு பக்கமா அழுந்தி ஆட்டமே தெரியாது. லிங்க் ராட் வச்ச வண்டிங்கள்லயும் இதே கததான். நாலு வீலும் தரையில நிக்கணும், வண்டி பிட் (ஆள் இறங்கி நிக்கிற குழி) மேல இருக்கணும். கீழ ஒருத்தர் டார்ச்சோட நின்னு லிங்க் ராட், புஷ் மேல கைய வச்சுக்கணும், மேல ஒருத்தர் வண்டிய அழுத்தி அழுத்தி விடணும். லூசு எங்கயோ அங்க கையில டக்குனு தட்டும். அப்புறம் மெதுவா உருட்டி பிரேக் போடச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய பாருங்க. வாத்தியார் வண்டில வீல் நகர்றது கண்ணுக்கே தெரிஞ்சுது. புஷ் மாத்தினோம், சத்தம் நின்னுச்சு. சின்ன ரப்பர் துண்டு, அதுக்கு முன்னாடி அவர் செலவு பண்ண காசு திரும்ப வரப்போறதில்ல.

வீல ஆட்டிட்டு பால் ஜாயிண்ட்னு முடிவு பண்றது

வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆடுதா, உடனே பால் ஜாயிண்ட் (ஆர்மையும் வீல் பக்கத்தையும் சேர்க்கிற உருண்டை மூட்டு) ஆர்டர் போடாதீங்க. ஒருத்தர பிரேக் மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் பக்கம் போங்க. வீலோட இடது வலது ரெண்டு ஓரத்துலயும் பிடிச்சு ஆட்டுறப்ப மட்டும் ஆடுதுன்னா ஸ்டியரிங்க வீலோட இணைக்கிற டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக். இன்னொன்னு, ஸ்ட்ரட் வச்ச வண்டில லோயர் பால் ஜாயிண்ட் மேல வண்டி எடை உக்காராது, அதனால பாடியில ஜாக்கி குடுத்து வீல் தொங்கினாலே செக் பண்ணலாம். டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்) வண்டில ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல உக்காந்திருந்தா அந்த ஆர்முக்கு அடியிலதான் ஜாக்கி குடுக்கணும், இல்லன்னா ஸ்பிரிங் அழுத்தமே ஜாயிண்ட இறுக்கிப் பிடிச்சுக்கும், செத்த ஜாயிண்ட் கூட நல்லா இருக்கிற மாதிரி தெரியும்.

பிரேக் காலிப்பர மறந்துடறது

ரோட்டுல சத்தம் வர்றப்பவே பிரேக்க லேசா தொட்டுப் பாருங்க. சத்தம் நின்னா காலிப்பர் (பிரேக் பேட்ட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) பின் அல்லது பேட்.

புஷ்ஷுக்கு கிரீஸ், பழைய ஆயில் அடிக்கிறது

நாலு நாள் அமைதியா இருக்கும். அப்புறம் ரப்பர் ஊதிப் போய் கிழியும்.

வீல் தொங்குறப்பவே லோயர் ஆர்ம் போல்ட்ட இறுக்குறது

புது புஷ் ஆறு மாசத்துல கிழிஞ்சிருச்சுன்னு பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட சண்ட போடுறவங்க, போல்ட்ட எப்படி டைட் பண்ணோம்னு ஒருதடவ யோசிங்க. புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்பு ட்யூபோட ரப்பர் ஒட்டியிருக்கும், போல்ட் இறுக்கின நிலைதான் அதுக்கு நடு நிலை. வீல் தொங்கிட்டிருக்கிறப்ப இறுக்கிட்டா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ஓட ஓட கிழியும். போல்ட்ட கையால போட்டுட்டு, வண்டிய இறக்கி, ரெண்டு தடவ அழுத்தி விட்டு, எடை வீல்ல இருக்கிறப்பதான் ஃபைனல் டைட்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாம ஸ்ட்ரட் நடு நட்ட கழட்டுறது

கம்ப்ரஸர்ங்கிறது ஸ்பிரிங்க அழுத்திப் பிடிக்கிற கருவி, அது இல்லாம கழட்டுறது உயிர் போற வேலை. வேண்டவே வேண்டாம்.

முதல்லயே அலைன்மென்ட்

ஆட்டம் இருக்கிற புஷ், ஜாயிண்டோட அலைன்மென்ட் (வீலோட கோணத்த சரி பண்றது) பண்ணா மெஷின்ல காட்டின அளவு அடுத்த பள்ளம் வரைக்கும்தான். பார்ட்ஸ் மாத்தி முடிச்சு, கொஞ்ச தூரம் ஓட்டி, போல்ட் எல்லாம் திரும்ப ஒருதடவ பாத்துட்டு அப்புறம் போங்க.