மணிக் கணக்கா, மாதக் கணக்கா? கிளவுட் சர்வர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கிளவுட் சர்வர், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர், வாங்கப் போனால் ஒரே மெஷினுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். மாதம் 6 டாலர், மணிக்கு 0.009 டாலர் என்கிற மாதிரி. எது லாபம் என்று யோசிப்பதற்கு முன்னால், கட்டண மீட்டர் எப்போது ஓட ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். பணம் போவது அங்கேதான்.

முதலில் கணக்கு. மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். அதை 0.009-ஆல் பெருக்கினால் 6.57 டாலர். ஆனால் லினோடு, ஹெட்ஸ்னர் போன்ற சர்வர் வாடகை நிறுவனங்களில் மாத விலைதான் உச்சவரம்பு, அதற்கு மேல் அந்த மெஷினுக்கு வாங்க மாட்டார்கள். 6-ஐ 0.009-ஆல் வகுத்தால் 667 மணி நேரம் வரும், 28 நாளுக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டியதும் அந்த மாதத்துக்கு மீட்டர் நின்றுவிடும். ஆக, மாதம் முழுக்க ஓடப்போகும் சைட் என்றால் மணி விலையைப் பார்த்துக் குழம்பவே வேண்டாம்.

அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான ஈசி2 வேறு மாதிரி. அங்கே மாத உச்சவரம்பு கிடையாது. 2017 அக்டோபரிலிருந்து லினக்ஸ் மெஷின்களுக்கு நொடிக் கணக்கு, குறைந்தது 60 நொடி. எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு பில்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஒரு கடையின் சைட்டைப் பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியின் புது வெர்ஷனுக்கு மாற்றிப் பார்க்க இரண்டு நாளுக்கு ஒரு சர்வர் எடுத்தேன், வேலை முடிந்ததும் ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன், 48 மணி நேரத்துக்கு அரை டாலர்கூட ஆகாது என்ற நினைப்பில். மாதக் கடைசியில் முழுத் தொகையும் பில்லில் இருந்தது. கன்ட்ரோல் பேனலில் அந்த மெஷின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆஃப்' என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நிற்குமா? அதே கதைதான். உங்களுக்காக ஒதுக்கிய மெமரியும் டிஸ்க்கும் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. லினோடு, அமேசானின் மாத பிளான் சேவையான லைட்செயில் போன்றவற்றில் மெஷினை அழித்தால்தான் மீட்டர் நிற்கும். பிறகு தேவைப்படும் என்றால் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் நகல், எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கும் காசு உண்டு, ஆனால் மிகக் குறைவு.

ஈசி2-வில் நிறுத்தினால் மெஷின் கட்டணம் நின்றுவிடும், டிஸ்க் கட்டணம் நிற்காது. எலாஸ்டிக் ஐபி, அதாவது மாறாத ஒரு இணைய முகவரி, எடுத்து வைத்திருந்தால் அதுவும் ஓடும். 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி (இணையத்தில் மெஷினை அடையாளம் காட்டும் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்கு 3.65 டாலர். சின்ன மெஷினுக்கு இது பெரிய தொகை! அப்புறம் டேட்டா. மாதம் 100 ஜிபி வரை மெஷினிலிருந்து இணையத்துக்கு வெளியே போவது இலவசம், அதற்கு மேல் மும்பை ரீஜியனில் (அங்குள்ள சர்வர் மையங்களில்) ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். 300 ஜிபி போனால் அதற்கே ஏறக்குறைய 22 டாலர். மாத பிளான்களில் பெரும்பாலும் டேட்டாவும் ஐபியும் விலைக்குள்ளேயே அடங்கிவிடும், அதனால் சின்ன கடை, பள்ளி, சொந்த வலைப்பதிவு வைத்திருப்பவர்களுக்கு நான் மாத பிளானைத்தான் சொல்வேன். பட்ஜெட் போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணிக் கணக்கு உண்மையிலேயே உதவுவது சில நாள் வேலைக்கு: சைட்டை வேறு சர்வருக்கு மாற்றிப் பார்க்க, தள்ளுபடி விற்பனை நாளில் கூட்டத்தைச் சமாளிக்கக் கூடுதலாக இரண்டு மெஷின் போட, எதையாவது கற்றுக்கொள்ள. எடுக்கும் அன்றைக்கே மெஷின் பெயரில் அழிக்க வேண்டிய தேதியையும் சேர்த்து எழுதிவிடுங்கள், 'டெஸ்ட்-ஜூன்-12' என்பதுபோல.

பில் 5 டாலரைத் தாண்டினால் மெயில் வரும்படி அலர்ட் வைக்கலாம். சரி, அது மெயில் மட்டும்தான் அனுப்பும், மெஷினை நிறுத்தாது. தினமும் திறந்து பார்க்கும் மெயில் முகவரியை அதில் கொடுங்கள்.